கூப்பிடு தூரம்

“கால் சரி, பல் சரி, கண் சரி, வயசு பன்னண்டு. வேலைக்கு ஃபிட்.”

என் மேலதிகாரி பக்தவத்சலம் சார் படகுத்துறை ஜெட்டியில் நின்றபடி சத்தமாகப் படித்தார். பிறகு தாளைத் திருப்பி எனக்குக் காட்டினார். “உங்க கையெழுத்துதானே டாக்டர்?”

என் கையெழுத்துதான். இல்லை என்றா சொல்ல முடியும்?

சரசு என் தோளில் மூக்கை உரசிக்கொண்டு நின்றாள். ஏழு வருஷமாக அவளுக்குப் பன்னிரண்டு வயது.

போர்ட் பிளேருக்கு நான் மிருக வைத்தியனாக வந்தது ஐம்பத்திரண்டில். அப்போது டெலானிபூர் மேட்டுக்குப் பின்னால் ஒன்பது குதிரைகள் எலும்பும் தோலுமாகத் திரிந்தன. சண்டைக் காலத்தில் யாரோ விட்டுவிட்டுப் போனவை, அவற்றுக்குப் பிறந்தவை. உடம்பெல்லாம் புண், புண்ணெல்லாம் புழு. பிடித்துக் கட்டி, கழுவி, மருந்து வைத்து, ஒழுங்காக நிற்க வைக்க எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

தேறியதும் அவை சர்க்கார் குதிரைகள் ஆகிவிட்டன. சர்க்காருக்கு ஒரு விதி உண்டு. தீவனம் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வருகிறது, அதனால் வேலைக்கு ஆகாத மிருகத்துக்குத் தீவனம் கிடையாது. ஆகாது என்று டாக்டர் எழுதினால், மறுநாள் போலீஸ்காரர் துப்பாக்கியோடு வருவார்.

நான் ஆகும் என்று எழுதினேன். பதினாறு வருஷம் எழுதினேன். பார்வையிட அதிகாரி வந்தால், நொண்டிகளை முழங்கால் உயரப் புல்லில் நிறுத்திக் காட்டினேன். பல்லைப் பார்த்து வயசு கணிக்க வந்தவர்களிடம் “கடிக்கும் சார், தள்ளி நில்லுங்க” என்றேன். எட்டுக் குதிரைகள் கிழடாகி, நோகாமல், தம் கொட்டடியிலேயே செத்தன. எட்டையும் என் கையால் புதைத்தேன். அந்தப் பொய்க்காக நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை.

மிச்சம் சரசு ஒருத்திதான். “உங்க சின்ன வீடு சாப்பிட்டாச்சா?” என்றுதான் என் மனைவி இந்திராணி தினமும் கேட்பாள்.

இப்போது வடக்கே மாயாபந்தர் காட்டில் மரம் இழுக்க மிருகம் போதவில்லையாம். வேலைக்கு ஆகும் என்று எழுதியிருக்கிற குதிரைகள் எல்லாவற்றையும் உடனே அனுப்பச் சொல்லி உத்தரவு. எல்லாம் என்றால் இவள்தான்.

“நானும் கூடப் போறேன் சார்” என்றேன்.

“எதுக்கு டாக்டர்? அங்க வேற டாக்டர் இருக்காரே.”

நல்ல மனுஷன். மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. என் எழுத்தை அப்படியே நம்பினார். அதுதான் வினையாகப் போயிற்று.

வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நாளைக்கே தோட்டா. சொல்லாவிட்டால், பத்தொன்பது வயதுக் கிழவி சேற்றில் மரம் இழுக்க வேண்டும். அவள் உயிருக்காகத்தான் சும்மா இருந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் பென்ஷனுக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது, அதையும் நினைத்தேன். தூ, நானெல்லாம் ஒரு மனுஷன்!

“டாக்டர் சாப், ஜல்தி! தண்ணி இறங்குது!” என்று படகோட்டும் சாரங்கு கண்ணையா கத்தினார்.

மோட்டார் படகுக்குப் பின்னால் சரக்கு ஏற்றும் பார்ஜ் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். ஜெட்டியிலிருந்து அதற்கு அகலப் பலகை போட்டிருந்தது. நான் அவளைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்தேன். கயிற்றை இழுக்கவில்லை.

“வா சரசு. வாம்மா. இன்னும் ஒண்ணு. அவ்வளவுதான், வா.”

ஒவ்வொரு காலையும் உயரத் தூக்கி, நிதானமாக வைத்து, அவள் ஏறி வந்தாள்.

“என்ன ராஜநடை பாருங்க!” என்றார் பக்தவத்சலம் சார்.

பார்ஜ் வெறும் தட்டு. ஓரத்தில் கம்பி கிடையாது. நடுவில் இருந்த வளையத்தில் தேங்காய் நார்க் கயிற்றால் அவளைக் கட்டினார்கள். அவள் நினைத்தால் ஒரே இழுப்பில் அறுத்துவிடுவாள். கழுத்தைத் தடவிக் கொடுத்தேன். ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி ஜெட்டிக்கு வந்தேன்.

படகு கிளம்பியது. பத்தடி, இருபதடி. சரசு காதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். பிறகு கனைத்தாள்.



மறுபடி கனைத்தாள். “அரே, கோடா அழுவுது பாரு” என்று குதிரையைக் காட்டினான் மூட்டை தூக்குகிற ஒருவன். ஜெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பக்தவத்சலம் சாருக்கே கண் கலங்கிவிட்டது. “பாவம் டாக்டர், உங்களைத்தான் தேடுது. ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடுங்களேன்.”

நான் தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டேன்.

மூன்றாம் முறை அவள் கனைத்தபோதும் நான் அசையவில்லை. “கல் நெஞ்சு சார் உங்களுக்கு” என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

சரசுவுக்கு இரண்டு கண்ணும் போய் ஆறு வருஷம் ஆகிறது. வெளியே பார்த்தால் தெரியாது. ஆறு வருஷமாக அவளுக்குத் தெரிந்த ஒரே வழி என் குரல். அது எந்தப் பக்கமிருந்து கேட்டாலும், யோசிக்காமல் அந்தப் பக்கம் நேராக நடந்து வந்துவிடுவாள்.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கடல் இருந்தது.

பார்ஜ் கூப்பிடு தூரத்தைத் தாண்டிய பிறகுதான் வாயிலிருந்து துண்டை எடுத்தேன். அதற்கப்புறம்தான் கூப்பிட்டேன்.