இன்னும் அஞ்சே வருஷம்

குவாண்டம் கணினி வந்திறங்கிய அன்றே ஆய்வுக்கூடத்துப் பழைய கால்குலேட்டருக்கு தன் வேலை போய்விடுமோ என்று பயம் வந்துவிட்டது.

“தம்பி, நீ எப்போ வேலையை ஆரம்பிப்பே?”

“இன்னும் அஞ்சே வருஷம்ணே,” என்றது குளிர்பெட்டிக்குள் தொங்கிய கணினி.

கால்குலேட்டர் பயந்து பயந்து ஐந்து வருஷத்தை ஓட்டிவிட்டு மறுபடி கேட்டது. அதே பதில்தான் வந்தது.

ஒருநாள் அமைச்சர் பார்வையிட வந்தார். எதை எதால் பெருக்கினால் பதினைந்து வரும் என்று கணினியைக் கேட்டார்கள். அது வெகுநேரம் யோசித்து, “மூணையும் அஞ்சையும்... அநேகமா,” என்றது. விஞ்ஞானி திரும்பி நின்று கால்குலேட்டரில் சரிபார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஒரே கைதட்டல். குளிர்பெட்டிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

எல்லோரும் போனதும் கணினி தயங்கித் தயங்கிக் கேட்டது: “அண்ணே, நீங்க எப்போ ரிட்டயர் ஆவீங்க?”

“நீ வேலையை ஆரம்பிச்ச மறுநாளே.”

“அப்பாடா! அதுக்கு இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு,” என்றது கணினி.