அதே இரும்புப் பட்டை

“அக்கா, உண்மையைச் சொல்லுங்க. போன செவ்வாய்க்கிழமை நான் ஒட்டிக் கொடுத்த பட்டைதானே இது?”

பட்டறைக்காரர் அந்த இரும்புப் பட்டையைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். முழ நீளம், இரண்டு விரல் அகலம். நடுவில் யாரோ அறுத்து, மறுபடி வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தார்கள். வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. ஒட்டிய இடத்தில் கட்டி கட்டியாக வீக்கம் வேறு.

“அதேதான் தம்பி. நேராக்கிக் கொடுங்க.”

“இது நாலாவது தடவை. நான் நேரா அனுப்பறேன், அடுத்த வாரம் கோணலா வருது. என் ஒட்டு விட்டுப் போச்சுன்னா என் தப்புன்னு ஒத்துக்குவேன். இதை ரம்பம் வெச்சில்ல அறுத்திருக்காங்க!”

“உங்க வேலையில ஒரு குறையும் இல்ல தம்பி.”

“அப்புறம் ஏன்? எனக்குத் தலை சுத்துது.”

மூலையில் ஜன்னல் கம்பிக்கு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி, “முதல்ல வேலையைப் பாருங்க. நீங்க இப்படி வந்து உட்காருங்கக்கா” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அடுத்த நிமிஷமே இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பட்டறைக்காரர் கோணல் ஒட்டை வெட்டி எறிந்தார். இரண்டு துண்டுகளையும் ஒரு செம்புப் பட்டையின் மேல் முனையோடு முனை சேர்த்து வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கி, வெல்டிங் வைத்தார். ஆறியதும் தூக்கினார். இரும்பு மட்டும் கையோடு வந்தது. நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது.

“செம்போட ஒட்டிக்காதா தம்பி?”

“ஒட்டாதுக்கா. உருகினது அடியில ஒழுகாம அது தாங்கிக்கும். சூட்டையும் இழுத்துக்கறதால பட்டை வளையாது” என்றவர், பட்டையைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். “விஷயத்தைச் சொன்னாத்தான் தருவேன்.”

அந்த அம்மா வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“என் வீட்டுக்காரர் கப்பல் கட்டுற இடத்துல இருபத்தஞ்சு வருஷம் வெல்டர். மூணு வருஷம் முந்தி பக்கவாதம் வந்து வலது கை போயிடுச்சு. ஒரு மாசமா, பின்பக்கக் கொட்டகையில உட்கார்ந்து இந்தப் பட்டையை அறுக்கறதும் ஒட்டறதுமா இருக்கார். இப்படிக் கோணிக்கிட்டுதான் வருது. ‘ஆறட்டும்’னு வெச்சுட்டுப் படுத்துடுவார். அவர் தூங்கறப்போ நான் எடுத்துட்டு இங்கே ஓடி வந்துடறேன். எழுந்து பார்த்தா பட்டை நேரா இருக்கும். ‘பாத்தியா, கை திரும்பிடுச்சு’ம்பார். அந்த முகத்தைப் பார்க்கணும் தம்பி!”

“சரி, வெல்டருக்கு அடுத்தவன் ஒட்டு தெரியாமலா போகும்? நேரா வந்ததை மறுபடி எதுக்கு அறுக்கறார்?”

“எனக்கும் புரியலை. கேட்டா மாட்டிக்குவேனே.”

பட்டையை வாங்கிக்கொண்டு அந்த அம்மா ஓட்டமும் நடையுமாகப் போனார். பட்டறைக்காரருக்குக் குழப்பம் தீரவில்லை, கூடிவிட்டது. வாரம் முழுக்க அதே யோசனை. ஓர் இரும்புக் கேட்டுக்குக் கீலைத் தப்பான பக்கம் வைத்து, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. செம்புப் பட்டை ஒன்றை எடுத்து, இரண்டு பக்கமும் இரும்பை இறுக்கிப் பிடிக்கும்படி கிளாம்ப் பொருத்தினார். கை நடுங்கினாலும் துண்டுகள் நகராது. அந்த மனிதர் தானே நேராக ஒட்டிக்கொள்ளலாம். இந்த அம்மாவும் வெயிலில் ஓடி வர வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை அந்த அம்மா கோணல் பட்டையோடு வந்ததும், “வெல்டிங் ராடு தீந்து போச்சுக்கா, பேசிட்டிருங்க, இதோ வந்துடறேன்” என்று வண்டியை எடுத்தார். தூங்கும் மனிதரை எழுப்பாமல், தான் செய்த செம்புக் கிளாம்பைக் கொட்டகையில் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று எண்ணம்.

அடுத்த தெருவில்தான் வீடு. பின்பக்கம் போனவர் அப்படியே நின்றார். கொட்டகைக்குள் நீல வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது.

முக்காலியில் உட்கார்ந்திருந்தார் அந்த மனிதர். வலது கை மடியில் கிடந்தது. இடது கையில் ராடு. துளி நடுக்கம் இல்லை. முன்னால் வேறொரு பட்டை, அதற்கு அடியில் வேலை பார்த்துக் கறுத்துப்போன செம்பு. அந்த ஒட்டு மாதிரி ஒன்றைப் பட்டறைக்காரர் தன் வாழ்நாளில் போட்டதில்லை.

முகமூடியைத் தூக்கியவர் திடுக்கிட்டார். “யாரு? பட்டறைத் தம்பியா? அவளும் வந்துட்டாளா?”

“இல்லண்ணே. பட்டறையில என் வீட்டுக்காரிகூட பேசிட்டிருக்காங்க.”

“சிரிக்கறாளா?”

“ம்... சிரிக்கறாங்க. அண்ணே, எனக்கு ஒண்ணுமே புரியலை. உங்களுக்குத்தான் கை...”

“அவ தூங்கறப்போல்லாம் பழகிப் பழகி, இடது கை வந்து ஒரு வருஷமாச்சு தம்பி. அவகிட்ட சொல்லிடாதே. நான் விழுந்த நாள்லேருந்து என்னை விட்டு அவ வாசலைத் தாண்டினதில்ல. சாமான்கூட வீட்டுக்கே வரவழைச்சுக்குவா. தங்கச்சி வீட்டுக்குப் போன்னாலும் கேக்கமாட்டா. போன மாசம் ஒரு நாள் என் ஒட்டு நிஜமாவே கோணிப் போச்சு. திருட்டுத்தனமா எடுத்துட்டு உன் பட்டறைக்கு ஓடினா. திரும்பி வந்தப்போ பார்க்கணுமே, பழைய ஆளா வந்தா.” வாசல் பக்கம் ஒருமுறை காது கொடுத்துவிட்டு, அவர் முகமூடியை இறக்கிக்கொண்டார். “நேரா ஒட்டறதுல எனக்கென்ன கஷ்டம்? வாராவாரம் கோணலா ஒட்டத்தான் உயிர் போகுது!”