எடுத்த விலை

"ஒன்றரைக் கோடிக்கு மேல ஒரு சதமும் தர ஏலாதுங்க, ஐயா."

சொல்லிவிட்டு, அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை இன்னொரு முறை சுற்றி வந்தான் ஜெனுஷன். நுவரெலியாவில் வாகனங்கள் வாங்கி விற்பவன். விளம்பரத்தைப் பார்த்துவிட்டு மஸ்கெலியா வரை வந்திருந்தான். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வாடகைக் கராஜில் கார் நின்றது. நூற்றிருபது கிலோமீட்டர்கூட ஓடியிருக்கவில்லை.

"புதுசு மூணு கோடி போகுதுன்னு சொல்றாங்களே, தம்பி?" என்றார் செபஸ்தியாம்பிள்ளை.

"போகுதுங்க. வாங்க ஆள் வேணுமே? இப்ப உள்ள வெலவாசியில சனம் மோட்டார் சைக்கிளையே வித்துட்டு பஸ்ஸுல போகுது. ரெண்டு பேர் மட்டும் போற காரை யாருங்க எடுப்பாங்க?"

அவர் இன்னும் பேரம் பேசுவார் என்று ஜெனுஷன் காத்திருந்தான். ஆனால் பக்கத்தில் நின்ற அவர் மனைவி பெற்றீசியா முந்திக்கொண்டாள்.

"குடுத்துருங்க. இன்சூரன்ஸ், கராஜ் வாடகைன்னு இனியும் கட்ட நம்மளால முடியாது. இதுக்கு ஒரு கீறல் விழுந்துருமோன்னு எனக்குத் தூக்கமே போச்சு."

"சரி தம்பி, எடுத்துக்கங்க."

கையெழுத்துகள் முடிந்தன. பணம் வங்கிக்குப் போய்ச் சேர்ந்ததும் பெற்றீசியா சிலுவை போட்டுக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"இந்தக் காசுலதான் குடியிருக்க ஒரு துண்டுக் காணி வாங்கணும்."

வீட்டையும் விற்றுவிட்டார்களா! ஜெனுஷனுக்குச் சுருக்கென்றது. பொருளாதார நெருக்கடி வந்த வருஷம் அவன் அப்பாவும் கடையை இப்படித்தான், வந்தவன் சொன்ன விலைக்கு எழுதிக் கொடுத்தார். நொடித்துப்போன மனிதரின் வயிற்றில் தானும் அடித்துவிட்டதாகத் தோன்றியது.

"ஐயா, இன்னும் அஞ்சு லட்சம் போட்டுத் தர்றேன்."

"எதுக்குத் தம்பி? பேசுனது பேசுனதுதான்."

"இல்லீங்க, மனசு கேக்கல. உங்களுக்கு எவ்வளவு நட்டம்னு தெரியல. நீங்க என்ன வெலைக்கு எடுத்தீங்க?"

செபஸ்தியாம்பிள்ளை மனைவியைப் பார்த்தார். இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நாப்பது ரூபா, தம்பி. லொத்தர் சீட்டுல பரிசா விழுந்துச்சு. எனக்குக் கார் ஓட்டவே தெரியாது. நாலு தலமுறையா தேயிலைத் தோட்டத்து லயத்து அறையிலயே கெடந்த குடும்பம். இனிதான் சொந்தமா ஒரு வீடு கட்டப் போறோம்!"