ஆண்டிச்சாமியின் துரட்டி

"துரட்டியக் குடு" என்றார் ஆண்ட்ரூஸ்.

ஆண்டிச்சாமி கொடுக்கவில்லை. வேப்பமரத்தடியில் அவனுடைய ஆடுகள் தழை தின்றுகொண்டிருந்தன. மரத்தை ஒட்டியிருந்த கம்பத்திலிருந்து இன்டர்நெட் ஒயர் அறுந்து மண்ணில் கிடந்தது. இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை.

"நான் ஆட்டுக்குக் கொழதாண்ணே அறுத்தேன். ஒயரத் தொடல."

"அப்ப ஒயரு தானா அறுந்து விழுந்துச்சா?"

"துரட்டிய மரத்துல சாத்திட்டுக் கஞ்சி குடிக்கப் போயிருவேன். அங்கிட்டுப் போனப்ப யாரு எடுத்தான்னு எனக்கென்ன தெரியும்?"

ஆண்ட்ரூஸ் ஓங்கி அறைந்தார். ஆடுகள் தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தன. மூங்கில் நுனியில் சின்ன அரிவாள் கட்டிய அந்தத் துரட்டியைப் பிடுங்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தார்.

அடித்ததில் அவருக்கு வருத்தமில்லை. ஆவூர்ப் பக்கம் மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் வேறு ஊர். ஆண்கள் திருப்பூருக்கோ துபாய்க்கோ போனார்கள். பெண்கள் விடிவதற்குள் மில் வண்டி ஏறினார்கள். கம்பத்தில் ஒயர் வந்த பிறகுதான் அவருடைய மூத்த மகள் ஏஞ்சல் வீட்டில் உட்கார்ந்தபடியே கம்பெனி வேலை பார்க்கிறாள். அவள் வேலை பிடித்துப்போய், ஊரிலேயே ஒரு சென்டர் திறப்பதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. பழைய பள்ளிக்கூடக் கட்டிடத்துக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. படித்துவிட்டுச் சும்மா இருக்கிற பெண்களுக்கெல்லாம் வேலை. முதல் ஆள் இளைய மகள் ஷர்லி. நாளைக் காலை கம்பெனிக்காரர்கள் வந்து பார்க்கும்போது லைன் இருந்தால் சென்டர் இங்கே. இல்லாவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடும்.

என்ன வேலை என்று ஒருமுறை ஏஞ்சலிடம் கேட்டிருக்கிறார்.

"கடலை பொறுக்குற மாதிரிதாம்ப்பா. நல்லத விட்டுட்டுச் சொத்தையத் தூக்கிப் போடணும்."

அதையே அவர் டீக்கடையில் எல்லோரிடமும் சொன்னார். தன் தாய் சாகும்வரை வெயிலில் குந்திச் சொத்தை பொறுக்கினாள், மகள் காத்தாடிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து பொறுக்குகிறாள் என்று.

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஏஞ்சலின் பழக்கவழக்கம் மாறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பைத் தொடுவதில்லை. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை நீட்டினால் வாங்காமல் கையைக் கட்டிக்கொள்வாள். தூங்கும்போது விளக்கை அணைக்க விடமாட்டாள். அவளுடைய அம்மா அந்தோணிமேரி புலம்பினால், ஆபீஸ் வேலை பார்க்கிறவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று ஆண்ட்ரூஸ் அவள் வாயை அடைத்துவிடுவார்.

சாயங்காலம் லைன்மேன் குணசேகரன் வந்து ஒயரை ஒட்டினான். கம்பெனிக்காரர்கள் வந்து போகும்வரை ஆண்டிச்சாமியை ஆடுகளை வேறு பக்கம் ஓட்டச் சொல்லுங்கள் என்றான்.

ஆண்ட்ரூஸ் கொல்லைச் சுவரைக் காட்டினார். "துரட்டியே இங்கிட்டுக் கெடக்கு. இனி எத வச்சு அறுப்பான்?"

மறுநாள் விடியும் முன்பே ஏஞ்சல் எழுந்து வெளியே போய்வந்தாள். கோயிலுக்குத்தான் என்று நினைத்த ஆண்ட்ரூஸ், "நல்லபடியா நடக்கணும்னு வேண்டிக்கிட்டியா ஆத்தா?" என்று கேட்டார்.

"வேண்டிக்கிட்டேம்ப்பா."

விருந்தாளிகளுக்காக அந்தோணிமேரி ஆட்டுக்கறி ஆக்கினாள். கார் வந்தது. பள்ளிக்கூடக் கட்டிடத்தில் லேப்டாப்பைத் திறந்தார்கள். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. வேப்பமரத்துக்கு ஓடியவர்கள் ஒயர் மண்ணில் கிடப்பதாக வந்து சொன்னார்கள். வந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். டீயை மட்டும் குடித்துவிட்டு, சாப்பாட்டுக்கு நேரமில்லை, யோசித்துச் சொல்கிறோம் என்று காரில் ஏறினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ஆண்ட்ரூஸ் நேராக ஆண்டிச்சாமியின் கொட்டகைக்குப் போனார். அவன் கன்னம் வீங்கியிருந்தது. எட்டுகிற கிளைகளைக் கையாலேயே ஒடித்து ஆடுகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"அறைஞ்சதுக்குப் பழி தீத்துட்டேல்ல? ஊரே நாசமாப் போச்சு."

அவன் நிமிரவில்லை. "எத வச்சுண்ணே அறுக்க? எந் துரட்டி ஒங்க வீட்லல்ல கெடக்கு."

 ஆண்ட்ரூஸ் வீட்டுக்குத் திரும்பிக் கொல்லைப் பக்கம் போனார்.

துரட்டி வைத்த இடத்தில்தான் இருந்தது. அரிவாளில் ஒரு வேப்பிலை ஒட்டியிருந்தது. இன்னும் வாடவில்லை. பக்கத்தில், அவருக்காகவே காத்திருந்ததுபோல ஏஞ்சல் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"நாந்தாம்ப்பா. எல்லாத் தடவையும்."

அவர் கை ஓங்கியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"சொத்தைன்னு சொன்னேன்ல, அதெல்லாம் வீடியோப்பா. பச்சப்புள்ளைகள என்னென்னமோ பண்றாங்க. மனுசன உசுரோட அறுக்குறாங்க. நான் முழுசாப் பாத்து அழிச்சாத்தான் மத்தவங்க கண்ணுல படாது. காலையில ஒக்காந்தா பொழுது சாயுற வரைக்கும் அதுதான். வெளிய சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க."

ஓங்கிய கை அப்படியே நின்றது. அடுப்படியில் ஷர்லி, விருந்தாளிகள் தொடாமல் போன கறியில் எலும்பாகப் பொறுக்கி உறிஞ்சிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

ஏஞ்சல் அந்தப் பக்கம் பார்த்தாள்.

"அவ இன்னும் கறி திங்கிறாப்பா. தின்னட்டும்."