குளத்தங்கரைக் காவல்

பெண்ணொருத்தியின் மேல் கைவைத்து மறியலுக்குப் போன குணபாலன், சிறைத்தண்டனை முடிந்து ஜெயபுரத்துக்குத் திரும்பியிருந்தான். அவன் மறுபடி வழிதவறாமல் துணையிருக்க ஊரில் ஒரு தொண்டர் குழு அமைந்தது. அவன் குளத்துக்குக் குளிக்கப் போகையில் கூடப்போகும் வேலையை வீரபாகு அடம்பிடித்து வாங்கிக்கொண்டார். மற்றவர்களின் முறையையும் அவரே எடுத்தார். ஊர்ப் பெண்களின் மானம் தன் கண்காணிப்பில்தான் இருக்கிறது என்று சந்தியில் சொல்லித் திரிந்தார்.

ஒருநாள் குழுத் தலைவி கமலேஸ்வரி அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

“குளிக்கிற பொம்பிளையளைப் பார்க்கிறதெண்டு முறைப்பாடு வந்திருக்கு.”

வீரபாகு கொதித்தார். “அவன் திருந்தமாட்டான் எண்டு நான் அப்பவே சொன்னனான்! முறைப்பாடு தந்தது ஆர்?”

“குணபாலன்தான்.”

“என்ன?”

“அவர் பொம்பிளையளின்ர பக்கத்துக்கு முதுகு காட்டித்தான் குளிக்கிறாராம். கூட வாறவர்தான் முதலையைக் கண்டவர் மாதிரிக் கண்வெட்டாமல் நிக்கிறாராம்.”

“அப்ப… இனி நான் குளத்துக்குப் போகக்கூடாதோ?”

“தாராளமாப் போங்கோ. தனிய விடத்தான் ஏலாது” என்றார் கமலேஸ்வரி. “உங்களுக்குத் துணையா வர குணபாலன் சம்மதிச்சிட்டார்.”