தள்ளுபடியா, வருமானமா?

“சோப்புத்தூள் கம்பெனி பணத்தைத் திருப்பித் தந்தப்போ ஒரு கடிதம் வந்திருக்குமே, அதைக் காட்டுங்க. பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.”

வேறு எதைக் கேட்டாலும் இதை மட்டும் கேட்டுத் தொலைக்காதே என்று வழியெல்லாம் ஓதி அவளைக் கூட்டிவந்த அண்ணன், தலையில் கைவைத்துக்கொண்டான். மேசைக்கு அந்தப் பக்கம் பதிவேட்டைத் திறந்து வைத்திருந்த அதிகாரி, மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

சலவைக்கடைக்காரர் சிரித்தார். “கடிதம் எதுக்கு? சரிபார்த்துக் குடுன்னு நேத்து வரிக் கணக்கோட பேங்க் கணக்கையே உனக்கு அனுப்பினேனே.”

“அதுலதான் பார்த்தேன். அறுபதாயிரம் வந்திருக்கு. உங்க வரிக் கணக்குல அதைக் காணோம்.”

“அது தள்ளுபடிம்மா. என் காசு என்கிட்டயே திரும்பி வந்தா அது வருமானமா?”

“வாங்கின அன்னிக்கே குறைச்சிருந்தா தள்ளுபடி. நீங்க வாங்கின சோப்புத்தூளோட முழு விலையையும் போன வருஷமே செலவுன்னு காட்டி வரியைக் குறைச்சாச்சு. அதுல ஒரு பங்கு இப்ப திரும்பி வந்திருக்கு. அப்ப அது இந்த வருஷ வருமானம். வரி உண்டு.”

ஆடிட்டர் ஆபீசில் இரண்டு வருடமாக அவள் பார்க்கும் வேலையே இதுதான். குடும்பத்தில் முதல் பட்டதாரி. சொந்தப் பெயரை எதற்குக் கீழே எழுதுகிறோம் என்று பார்த்து எழுதுகிறவள்.

அண்ணன் அவள் காதருகே குனிந்தான். “உன் படிப்பைக் கொஞ்ச நேரம் மூட்டை கட்டி வை. இப்படி ஒரு இடம் மறுபடி நமக்குக் கிடைக்காது.”

“மூட்டை கட்டவா படிச்சேன்? நான் கையெழுத்துப் போட்டா நாளைக்கு இவர் பொய்யில எனக்கும் பங்கு உண்டுண்ணா.”

கடைக்காரர் பேனாவை அவள் பக்கம் உருட்டிவிட்டார். “சரி சரி, போடு. நாளையிலேர்ந்து கடைக் கணக்கெல்லாம் உன் கையிலதான். எப்படி வேணா எழுதிக்கோ.”

“சம்பளம்?”

கூட வந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அதிகாரிகூட மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அவள் சிரிக்கவில்லை. “ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஒரே சட்டைக்கு ரெண்டு தடவை கூலி வாங்குவீங்களா?”

“குடுத்ததை அவன் மறந்துட்டான்னா வாங்குவேன்!” கடைக்காரர் தொடையைத் தட்டிக்கொண்டார்.

அதிகாரி தொண்டையைச் செருமினார். “எல்லார்கிட்டயும் கேக்குற கேள்விதான். யாரும் கட்டாயப்படுத்தாம, உங்க இஷ்டப்படிதானே கையெழுத்துப் போடுறீங்க?”

“இஷ்டம் இல்லீங்க சார்.”

பேனாவை மூடிப் பதிவேட்டின் மேல் வைத்துவிட்டு எழுந்தாள். அண்ணன் அவள் கைப்பையைப் பிடித்தான். அவள் அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

“ஏய், நில்லு! அந்த வரியை நாளைக்கே கட்டித் தொலைக்கிறேன்!”

“கட்டுங்க. ஆனா கையெழுத்து கிடையாது.”

அவள் செருப்புச் சத்தம் படியில் விறுவிறுவென்று இறங்கிப் போனது.

அதிகாரி ஒரு பக்கத்தைப் புரட்டிவிட்டு, வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“அடுத்த ஜோடி, உள்ள வாங்க!”