நாளைக்குப் பரீட்சை

வேலைக்குச் சேர்ந்த பிறகு வரும் முதல் பரீட்சைக் காலம். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அசைன்மென்ட் இல்லை, அரியர் இல்லை. ஆபீஸ் விட்டு வந்தால் சோபாவில் காலை நீட்டி மேட்ச் பார்க்கலாம். ஏன் என்று கேட்க ஆளில்லை.

"அப்படிப் போடு!" என்று துள்ளினான்.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சத்தத்தைக் குறைடா. நாளைக்குப் பரீட்சைன்னு உள்ள படிக்கிறது தெரியலையா?"

"நான் படிக்கிறப்ப இந்த வீட்ல டிவி ஓடவே ஓடாதே! விட்டதையெல்லாம் இப்பப் பார்த்துக்கறேன்."

அறைக்கதவு லேசாகத் திறந்தது. "ஒரே ஒரு ஓவர் மட்டும்..." என்று கெஞ்சியது ஒரு குரல்.

"மூச்! மேட்சா நாளைக்குச் சோறு போடப் போகுது?"

கதவு சாத்திக்கொண்டது. அவனுக்கு உச்சி குளிர்ந்தது.

"பாவம்டா. முதல் பரீட்சை, காலையிலேர்ந்து சரியாச் சாப்பிடக்கூட இல்லை."

"எல்லாம் நீ குடுக்கற செல்லம்மா!"

அவ்வளவுதான், கதவு படாரென்று திறந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, புத்தகமும் கையுமாக வந்து நின்றார் அப்பா.

"ஏண்டா, 'எனக்கு மட்டும் அன்னிக்குக் காலேஜ் போக வழி இருந்திருந்தா'ன்னு ஏதோ ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அதுக்காக முதல் சம்பளத்துலயே என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துடறதா?"

"ஒரு பேச்சுக்கா? நான் படிச்ச அத்தனை வருஷமும் தினம் சொன்னீங்களேப்பா!"

ரிமோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு அவன் எழுந்தான். இந்த வசனத்துக்காகத்தான் வேலைக்கே போனதுபோல் நெஞ்சை நிமிர்த்தினான்.

"போங்க, போய்ப் படிங்க. நீங்க பெயிலானா, ஆபீஸ்ல நாலு பேர் முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"